அலகு குத்திய வாய்க்கு ஒரு கப் சிரப்

தம்பி,

மூன்று நாளாக எனக்குக் குமட்டிக்கொண்டே இருக்கிறது. வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கோலாலம்பூரிலிருந்து போன் செய்து, உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை உன்னோடு ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்து வரப்போகும் ஆறு பேரின் பெயரைச் சொன்னாயே, அப்போது பிடித்தது இது. ஆறு பேரும் உன் ஆபீஸ் ஆட்கள். அதில் ஒருத்தர் உன் மேனேஜர். "சசி எங்கடா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அப்பா, ஆறு பேரும் ஒரே ஹைட்டா இருக்கணும்னு போட்டோகிராபர் சொல்றாரு லா. சசி நின்னா படி எறங்குன மாதிரி இருக்கும். மெசேஜ் போட்டுட்டேன். அவன் புரிஞ்சுக்குவான்" என்றாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

படி இறங்கின மாதிரி இருக்குமாம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் அவன். அப்போதிலிருந்தே அவன் குட்டைதான், உனக்கு இப்போதுதான் கண்ணில் பட்டதாக்கும். படிவம் ஐந்து படிக்கும்போது பள்ளிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வந்தவர்கள் ஊசியைக் காட்டியதும் நீ மயங்கி விழுந்தாயே, தலை தரையில் மோதாமல் பிடித்தவன் அந்தக் குட்டைப் பயல்தான். போன வருடம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தபோது, நீ வேலை அதிகம் என்று வரவில்லை. வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன், சரி. நான்கு தடவை என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தவன் சசி. ஏர்கான் பழுது பார்க்கும் அவனுடைய வேனில், பின்னால் கேஸ் உருளைகள் உருள, முன் இருக்கையைத் துடைத்துவிட்டு என்னை உட்கார வைத்தான். நர்ஸ் "மகனா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவனே கேட்டுக்கொண்டான். நீ சங்கடப்படுவாயாம்.

உன்னை நன்றாக ஏசி எழுதவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். இரண்டு தாளைக் கிழித்தும் போட்டேன். ஏசுவதற்கு எனக்கு முகம் இல்லை. நீ செய்தது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதுதான் அருவருப்பாக இருக்கிறது. நான் செய்த ஒன்றை உனக்குச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்கே இதில் பாதிதான் தெரியும். படிக்கும்போது உனக்கு என்மேல் மரியாதை குறைந்தால் குறையட்டும்.

வேலு மாமாவை உனக்கு நினைவிருக்கும். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நமக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தவன், கடலுக்கு அக்கரையில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். உனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. நீ தங்கினால் ஏழு வருடம் காவடி எடுக்கிறேன் என்று நான் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். நீ பிறந்தாய். ஏழு தைப்பூசம் எடுத்தேன். அந்த ஏழு வருடமும் எனக்குப் பின்னால் முக்காலி தூக்கிக்கொண்டு வந்தவன் வேலு.

நீ ஊர்வலத்தைப் பந்தலில் நின்று பார்த்தவன், அதனால் முக்காலியைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்காது. காவடி தோளில் ஏறிவிட்டால் அதை இறக்க முடியாது. வெயில், தார் ரோடு, வெறுங்கால். முட்டி நடுங்க ஆரம்பித்தால் அரை நிமிடமாவது உட்காரவேண்டும். ஆனால் நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்தியிருப்பதால் வாயைத் திறந்து கேட்க முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. பின்னால் வருகிறவன் நம் கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். அது எப்போது விடப்போகிறது என்று அவனுக்குத் தெரியவேண்டும். சரியான நேரத்தில் முக்காலி வராவிட்டால் காவடியோடு கீழேதான். ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு முக்காலி தாமதமாக வந்ததில்லை. நான் உட்காரலாமா என்று நினைப்பதற்குள் அது பின்னால் இருக்கும். அவன் அந்த ஏழு வருடமும் எனக்காக விரதம் இருந்தான், கேட்டால் "சும்மா லா, ஒடம்பு எளைக்கட்டும்" என்பான்.

பிறகு அவன் மனைவி செல்வி அத்தைக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பிழைத்தாள். வேலு ஒரு வருடம் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தான். ஒரு சாயங்காலம் வந்து நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இந்தத் தடவ நீ பின்னால வா" என்றான். "இதெல்லாம் கேக்கணுமாடா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

அந்த வருடம் எங்கள் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பெரிய மேனேஜருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. தொழிற்சாலை பெயரில் தண்ணீர் பந்தல் போடவேண்டும், அதற்கு நான்தான் பொறுப்பு என்றார். காலையில் பந்தலைத் திறந்து வைத்துவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். கேட்டால் விட்டிருப்பார், அவர் ஒன்றும் மோசமான மனிதர் இல்லை. நான் கேட்கவே இல்லை. அவர் பக்கத்தில் நாள் முழுதும் நிற்கவேண்டும், நிற்பது அவர் கண்ணில் படவேண்டும் என்பதுதான் என் எண்ணம். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலுவிடம் போய், "வெஸ்டர்ன் ரோட்ல எங்க பந்தல் இருக்குடா. நீ அங்க வந்ததும் நான் சேந்துக்குறேன்" என்றேன். "சரி" என்றான். செல்வியின் தம்பி முக்காலி தூக்குவதாக ஏற்பாடானது. அந்தப் பையன் அதற்கு முன் காவடியைப் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை.

தைப்பூசத்தன்று தொழிற்சாலை பெயர் போட்ட மஞ்சள் டீ-சட்டையில் நின்றேன். பாட்டு காதைப் பிளந்தது. வேலு வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். மயில்தோகை வைத்த காவடி. நடை சரியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் வந்தபோது பார்த்தால், இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம். முக்காலி இரண்டு தடவை தாமதமாக வந்து, தாரில் முட்டி போட்டிருக்கிறான். நான் பந்தலைவிட்டு இறங்கினேன். இறங்கியது அவனோடு சேர்ந்துகொள்ளத்தான், அதை மட்டும் நீ நம்பு. அப்போது பெரிய மேனேஜர் பின்னாலிருந்து, நல்ல காவடியாக இருக்கிறது, இவருக்குத் தண்ணீர் கொடு, ஒரு படம் எடுக்கலாம் என்றார். படம் எடுப்பவன் முன்னால் ஓடினான். என் கையில் யாரோ ஒரு கப் ரோஸ் சிரப்புத் தண்ணீரைத் திணித்தார்கள். நான் அதை வேலுவிடம் நீட்டினேன்.

நாக்கில் அலகு குத்தியிருக்கிறது, தம்பி. அந்த வாயால் எப்படிக் குடிப்பான்? ஏழு வருடம் அலகு குத்தி நடந்தவன் நான், எனக்குத் தெரியாதா? தெரிந்தே நீட்டினேன். நீட்டியதோடு விடவில்லை, படத்துக்காகச் சிரித்தேன். "கொஞ்சம் கிட்ட வாங்க சார்" என்றான் படம் எடுப்பவன், கிட்டப் போனேன். வேலுவின் கண் அந்தக் கப்பைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது. பிறகு நடந்துவிட்டான். நான் பின்னால் போகவில்லை. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார், நான் பந்தலில் ஏறி மறுபடியும் கப்புகளை அடுக்க ஆரம்பித்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கேண்டீன் சுவரில் மாட்டினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சூப்பர்வைசர் வேலையும் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு, தூ.

இதைப் படித்துவிட்டு அப்பா அன்றைக்குத்தான் நண்பனைத் தொலைத்தார் என்று நினைக்காதே. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலு அதற்குப் பிறகு என்மேல் அவ்வளவு கோபமாக இருந்தான். மின்தூக்கியில் நான் ஏறினால் அவன் இறங்கிப் படியில் நடந்து போவான். பாசாரில் மீன் வாங்க நின்ற என்னைப் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறான். செல்வி அத்தை போன் செய்தாள். "அண்ணே, ஒரு தடவ வந்து பேசுங்கண்ணே. ஏசுவாரு. ஏசட்டும், வாங்கிக்கிட்டுப் போங்க. சோறுகூட ஒழுங்கா திங்க மாட்டேங்கிறாரு" என்றாள். போகிறேன் என்றேன். போகவில்லை. குடிக்கிற கோபி சூடாக இருந்தால் கொஞ்சம் ஆறட்டும் என்று வைப்போமே, அப்படி வைத்தேன். கோபம் ஆறட்டும், பிறகு போய்ச் சாந்தமாகப் பேசலாம் என்று. உண்மையில் எனக்கு ஏச்சு வாங்கப் பயம். புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவன், நான்கு பேர் பார்க்க வாசலில் நின்று ஏச்சு வாங்குவதா என்ற திமிர் வேறு. அது ஆறியது. நன்றாகவே ஆறியது. மின்தூக்கியில் பார்த்தால் தலையசைக்க ஆரம்பித்தான். அடுத்த வருடம் வேலைக்குப் பக்கம் என்று அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமுக்கு வீடு மாறினார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது நான் போய்க் கட்டில் தூக்கினேன். "தேங்க்ஸ்" என்றான். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக வந்து தூங்கினேன், மடையன்.

மேனேஜர் பக்கத்தில் நின்று சம்பாதித்த நண்பர்கள் கதையையும் கேள். ஓய்வு பெற்றபோது நாற்பது பேர் விருந்து வைத்தார்கள், ஆளுக்கு ஆள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது. ஒருவன் போன் செய்தான், தண்ணீர் வடிகட்டி விற்க. இன்னொருவன் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படத்தில் காலை வணக்கம் எழுதி அனுப்புகிறான். நானும் பதிலுக்கு ஒரு தாமரை அனுப்புகிறேன். அவனுக்கு மனைவி இருக்கிறாளா, செத்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணில் புரை இருந்தது அவனுக்குத் தெரியாது. இப்படி முப்பது பேர் என் போனில் இருக்கிறார்கள். கையில் எடுக்கவே கூசுகிறது, ஆனாலும் எடுக்கிறேன்.

உன் ஆபீஸ் ஆட்களைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அவர்களில் யாராவது நாளைக்கு உனக்கு நண்பன் ஆகலாம். பள்ளியில் வாத்தியார் உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தால் போதும், நண்பன் தானாக வந்துவிடுவான். வேலைக்குப் போனபிறகு உட்காரச் சொல்ல யாரும் இல்லை. நீயாகத்தான் போகவேண்டும், கூப்பிடாமலே போகவேண்டும், அவன் வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்ட அன்றைக்குப் போகவேண்டும். அவனையும் உன் வீட்டுக்கு அப்படி வர விடவேண்டும். சேர்ந்து சாப்பிட்டுவிட்டுச் சிரித்துப் படம் எடுப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும். அந்த ஆறு பேரில் எவனுக்காவது நீ ஊசியைப் பார்த்தால் விழுந்துவிடுவாய் என்று தெரியுமா? தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று நீ மறைத்துத்தான் வைத்திருப்பாய். சசியிடம் மறைக்க உனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை, அதனால்தான் அவனைப் பின்வரிசையில் உட்கார வைக்கத் தோன்றுகிறது உனக்கு. நம்மைப் பழைய சட்டையில் பார்த்தவனைப் புது இடத்தில் பக்கத்தில் நிறுத்தக் கூசுகிறோம். கேவலமான புத்தி அது. என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு உன் கல்யாணப் பத்திரிகை வைக்க வேலு வீட்டுக்குப் போனேன். உன்னோடு பேசியதிலிருந்து மனசு ஒருநிலையில் இல்லை, இன்றைக்கு எப்படியும் பேசிவிடுவது என்று கடல் பாலம் நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே காடியை ஓட்டினேன். கேட்டைத் திறந்து "வாங்க வாங்க" என்று கூப்பிட்டான். தொலைக்காட்சியை நிறுத்தினான். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். செல்வி அத்தை விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில் டீயும் தட்டில் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, முழுதும் படித்து, "பேரு நல்லா போட்டிருக்காங்க" என்றான். பேரப்பிள்ளை படத்தைக் காட்டினான். என் ரத்த அழுத்தத்தை விசாரித்தான். நானும் அவனுடையதை விசாரித்தேன். ஒரே வீட்டுப் பிரிட்ஜைத் திறந்து குடித்த இரண்டு பேர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது, செருப்பு மாட்டுகிற இடத்தில், "வேலு, அன்னைக்குத் தைப்பூசத்துல நான் செஞ்சது" என்று ஆரம்பித்தேன். அவன் ஒரு நிமிடம் யோசித்தான்.

"அதுவா? அதெல்லாம் எப்பவோ போச்சு லா. வேலைன்னா அப்படித்தான். நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றான்.

"நீ செஞ்சிருக்க மாட்டடா. என்னைய ஏசுடா" என்றேன்.

சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரிக்கிற சிரிப்பு. "எதுக்கு ஏசணும்? வயசாச்சு நமக்கு. பாலத்துல ஜாம் ஆயிடும், இப்பவே கெளம்புங்க. கல்யாணத்துக்கு நாலு பேரா வந்துர்றோம்" என்றான். நான் காடியைப் பின்னால் எடுக்கும்போது ரோட்டில் நின்று கையைக் காட்டி வழி விட்டான். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதன். அவன் மனதில் இப்போது நானும் இல்லை. பாலத்தில் அம்மா என்னவோ கேட்டுக்கொண்டே வந்தாள், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

இன்று காலை ஆயர் ஈத்தாம் பாசாரில் கோழி வாங்க நின்றேன். சசி வேனை ரோட்டில் அப்படியே நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தான். வணக்கம்கூட இல்லை.

"அங்கிள், ஒங்க மகன் என்னா நெனச்சுக்கிட்டு இருக்கான்? இருவத்திரெண்டு வருஷம் அங்கிள். மெசேஜ்ல சொல்றான், ஹைட் பத்தலையாம். நேர்ல சொல்ல வாய் இல்லையா அவனுக்கு? நான் என்னா அந்த வரிசைல நிக்கணும்னு அழுதேனா? மண்டபத்துல நாற்காலி தூக்கச் சொல்லியிருந்தாகூட தூக்கியிருப்பேனே" என்றான். கண் சிவந்து தண்ணீர் நின்றது. கோழி வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். என் மூஞ்சில முழிக்க வேணாம்னு சொல்லிருங்க அவன்ட்ட" என்று கத்திவிட்டுப் போனான். நான்கு எட்டு வைத்தவன் திரும்பி வந்து, "பேரு சொல்லி அப்படியே சொல்லுங்க, நான்தான் சொன்னேன்னு" என்றான்.

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வா. மேனேஜரிடம் கேள், கொடுப்பார். நம் வீட்டுக்கு வராதே, நேராக அவன் வீட்டுக்குப் போ. பத்திரிகை, பழத்தட்டு ஒன்றும் எடுத்துப் போகாதே. தெருவில் நிற்க வைத்து ஏசுவான், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், கன்னத்தில் ஒன்று விட்டாலும் விடுவான். போட்டோகிராபர் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே. அவன் முடிக்கும்வரை நின்று வாங்கிக்கொள். அவன் இன்னும் உன்மேல் கோபமாக இருக்கிறான், தம்பி. அது ஆறுவதற்குள் போய்விடு.

அப்பா